மேல்மாடிச் சாவியை உடனே அனுப்பவும்

ரொக்காமெர்லா,
மேல்வாசல் தெரு,
திங்கட்கிழமை.

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அமாபிலே அக்காவுக்கு,

தம்பி ஒத்தோரினோ வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. திரியெஸ்தேயில் நீயும் அத்தானும் கடற்காற்று வாங்கிக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானுடைய ரத்தக் கொதிப்பு இறங்கியிருக்கும், என்மேல் இருந்த கோபமும் அதோடு இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன். இறங்காவிட்டால் இந்தக் கடிதத்தை அவர் காதுபட உரக்கப் படிக்காதே. இங்கே மாதாவின் கருணையால் நான், என் வீட்டுக்காரி நோர்மா, மகள் கோஸ்தான்சா மூவரும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமாக இல்லை. அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டின் மேல்மாடி உன் பங்கு, சாவி உன்னிடம் இருக்கிறது. கல்யாணம் ஆனதும் கோஸ்தான்சாவும் மாப்பிள்ளை துச்சியோவும் அங்கே குடியிருக்கட்டும் என்று ஏற்கெனவே எழுதிக் கேட்டேன், நீ ‘பார்க்கலாம்’ என்று பதில் போட்டாய். அக்கா, இனிமேல் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊர் மதில் மேல் வைத்து, உன் தம்பி ஜெயித்துவிட்டான். ஆகவே சாவியைப் பதிவுத் தபாலில் உடனே அனுப்பிவை. எனக்கு இருப்பது ஒரே பெண். அவள் காலையில் மாடிப்படி இறங்கி வந்து என் காப்பியில் பாதியைக் குடித்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு மேல் எனக்கு உலகத்தில் ஒன்றும் வேண்டாம்.

துச்சியோவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. தங்கமான பையன். அவன் பிறந்தது காஸ்தெல்கூஃபோவில் என்பது அவன் தப்பா, பாவம், பிறக்கும்போது அவனை யார் கேட்டார்கள். ஆனால் எதிர்மலையில் நின்றுகொண்டு காலையில் எழுந்ததும் நம் முகத்திலேயே விழிக்கிற ஊர் அது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஊர் மதிலின் மேல்வாசல் கதவில் இருந்த இரும்புச் சங்கிலியை அவர்கள் பிடுங்கிக்கொண்டு போய்த் தங்கள் நகரமன்றத்தில் தொங்கவிட்டிருப்பதையும் மறந்திருக்க மாட்டாய். வருஷா வருஷம் நம் ஊர்ப் புனிதர் திருநாளுக்கு முன்னால் சங்கிலியைத் திருப்பித் தரும்படி நாம் ஒரு கடிதம் எழுதுவோம், முடியாது என்று அவர்கள் மறுகடிதம் எழுதி, கூடவே ஒரு வட்டு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் அனுப்புவார்கள். நம் பக்கத்துக் கடிதத்தை எழுதுவது நான். அந்தப் பக்கம் ‘முடியாது’ எழுதுகிறவர் எவரிஸ்தோ என்று ஒருவர். ஆளைப் பார்க்காமலே பல வருஷமாக ஒருவரையொருவர் மரியாதையாகத் திட்டிக்கொண்டிருந்தோம். (பாலாடைக்கட்டி நன்றாகத்தான் இருக்கும். அதை நான் எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை.) அந்த எவரிஸ்தோவின் மகன்தான் துச்சியோ. தெரிந்தபோது கோஸ்தான்சா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இந்த எவரிஸ்தோ என்ன செய்தார் தெரியுமா, தன் வீட்டு மேல்மாடிக்கு வெள்ளையடித்து, புது ஜன்னல் போட்டு, கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டார். சிறுசுகள் அங்கேதான் குடியிருக்கும் என்று ஊர் பூராவும் சொல்லியும் வைத்திருக்கிறார். நான் சும்மா இருப்பேனா? சம்பந்தி வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் ஊரைச் சுற்றிக் காட்டுவது, ரொக்காமெர்லா நல்ல ஊர் என்று அந்த மனுஷன் தன் வாயால் சொல்லும்வரை விடாமல் காட்டுவது என்று முடிவுகட்டினேன். ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு என் மகளை எதிர்மலைக்குக் கூப்பிடுவார்?

காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தேன். வெளியே நிறுத்தச் சொன்னால் அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, பூசை முடிந்து ஜனங்கள் எல்லாம் வெளியே வருகிற நேரத்தில், நேராக மேல்வாசலுக்குள் காரை விட்டார். பாதி உள்ளே வந்தது, பாதி வெளியே நின்றது, அதற்கு மேல் முன்னேயும் போகவில்லை பின்னேயும் போகவில்லை. ஊரே கூடிவிட்டது. நம் ஊர் ஆட்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, கை கொடுக்க ஒருத்தரும் வர மாட்டார்கள், யோசனை சொல்ல எல்லோரும் வருவார்கள். “கண்ணாடிய மடக்குங்க” என்றார் ஒருவர். “சக்கரத்துல காத்த இறக்குங்க” என்றார் இன்னொருவர். “நீங்க கொஞ்சம் மூச்ச உள்ள இழுத்துப் பிடிங்க, சம்பந்தி” என்று கறிக்கடைக்காரர் சொல்ல, எவரிஸ்தோவும் அந்தப் பதற்றத்தில் நிஜமாகவே மூச்சை இழுத்துப் பிடித்தார். அவருடைய பெண்சாதி யோலாந்தா, மடியில் இனிப்புத் தட்டோடு, அதன் ரிப்பன் கசங்காமல், ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்தாள். பின்னாலேயே எவரிஸ்தோவும் வந்தார். அவர் வருவதற்குத்தான் கொஞ்சம் நேரம் ஆனது.

வந்ததும் வராததுமாகச் சட்டையைத் தட்டிக்கொண்டு, “இது வாசலா, சாவித் துவாரமா?” என்றார்.

“உங்க ஆளுங்க உள்ள வரக் கூடாதுன்னு கட்டினது, சம்பந்தி. இன்னிக்கும் நல்லாத்தான் வேலை செய்யுது” என்றேன்.

ஊர் கைதட்டியது. கார் அங்கேயே நின்றது. யோலாந்தாவை நோர்மா சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போகும்போது என் காதோரம், “ஒத்தோரினோ, சூப்பு ஆறிப்போறதுக்குள்ள வந்து சேரு. வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். கோஸ்தான்சாவும் துச்சியோவும் மேஜை போடுகிறோம் என்று நழுவிவிட்டார்கள். சிறுசுகள்தானே என்று விட்டுவிட்டேன்.

முதலில் கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பீடத்துக்குப் பக்கத்துச் சிற்றாலயத்தில் புனிதர் நம் ஊரையே உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நிற்கிற சுவர்ச்சித்திரம் இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு மயங்காதவன் மனுஷனே இல்லை. ஆனால் அங்கே இருட்டு. உண்டியலில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணையும். காசு போட்டேன். விளக்கு எரிந்தது. எவரிஸ்தோ நிதானமாகச் சட்டைப்பையைத் தடவினார், மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தார், திறந்தார், கண்ணாடியை மூக்கில் மாட்டினார், விளக்கு அணைந்தது. மறுபடியும் காசு போட்டேன். கண்ணாடியில் தூசி என்று கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டேன். தும்மல் வருகிறது என்று கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார், தும்மல் மட்டும் கடைசிவரை வரவில்லை. என் பையில் சில்லறை தீர்ந்தது. அப்புறம் அந்த இருட்டில் தலையை நிமிர்த்திப் பார்த்து, “ஆஹா, இருட்ட ரொம்பத் தத்ரூபமா வரைஞ்சிருக்காங்க” என்றார். பங்குச்சாமி ஃபுல்ஜென்சியோ கதவைச் சாத்துகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அவர் தேவஊழியர் என்பதால் விட்டுவைத்தேன்.

சரி, கோவில் போகட்டும், மதில் இருக்கிறதே என்று கிளம்பினேன். இங்கேதான் அக்கா, உன்னிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இதுவரை மதில் மேல் ஏறியதே இல்லை. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இடிந்து கிடக்கிறது, ஏறினால் காலை ஒடிப்பேன் என்று அப்பா சொல்லிவைத்தார். அப்புறம் அதைச் சரிசெய்து, மேலே நடைபாதை போட்டு, வெளியூர்க்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நான் ஏறவில்லை. ஊரில் ஒருத்தருமே ஏறவில்லை. எதற்கு ஏற வேண்டும், நம் மதில்தானே, எங்கே போய்விடப்போகிறது? ஆனால் நம் ஜன்னலுக்குக் கீழே வழிகாட்டிகள் தினமும் கத்துவதைக் கேட்டுக் கேட்டு, எந்தக் கோபுரத்தை யார் கட்டினார், எந்த முற்றுகையில் எது இடிந்தது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதைச் சொல்லிக்கொண்டே கம்பீரமாக நடந்தேன். சொல்ல வேண்டியது எல்லாம் தீர்ந்துபோனது. படிக்கட்டு மட்டும் வரவில்லை. ஒரு முட்டுச்சந்தில் போய் நின்றோம், ஒரு வீட்டுக் கோழிக்கூட்டுக்கு எதிரே.

“படி எங்க, சம்பந்தி?” என்றார் எவரிஸ்தோ, தேன் ஒழுகுகிற குரலில்.

“வரும்” என்றேன்.

அந்தப் பக்கமாக ஒரு ஒல்லாந்துக்காரத் தம்பதி கையில் வழிகாட்டிப் புத்தகத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். எவரிஸ்தோ அவர்களைப் பார்த்து, தொப்பியைக் கழற்றி, “அம்மா, இவரு இந்த ஊருலயே பொறந்து இந்த ஊருலயே வளர்ந்தவரு. மதிலுக்குப் போற படி எங்கேன்னு இவருக்குக் கொஞ்சம் காட்டுங்க” என்றார். அந்தம்மாள் நல்லவள். என் கையைப் பிடித்து, வழி தவறிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி, பல்மீரா காவல் இருக்கிற சின்னக் கதவுவரை கொண்டுபோய் விட்டாள். எவரிஸ்தோ பின்னால் வந்துகொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பான். நான் படியேறினேன்.

பல்மீராவைத் தெரியுமல்லவா, மதில் கதவுகளின் சாவி அவளிடம்தான். மேலே போய் நாங்கள் நாலு அடி நடக்கவில்லை, கீழே மடார் மடார் என்று சத்தம். பகல் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதாம், இரண்டு பக்கக் கதவையும் பூட்டிவிட்டு அவள் வீட்டைப் பார்க்க நடந்துகொண்டிருந்தாள். “பல்மீரா! நாங்க மேல இருக்கோம்!” என்று நான் கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அன்பாகக் கையசைத்தாள். போய்விட்டாள். அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்போது நம் ஊரில் யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை என்பதை நானும் அறிவேன். என் கைப்பேசி சமையலறையில், அவருடையது வாசலில் சிக்கிய காரில். பல்மீரா சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் வந்து திறக்கும்வரை, உச்சி வெயிலில், நானும் காஸ்தெல்கூஃபோவும் மதில் மேல்.

அங்கிருந்து பார்த்தால் நேர் கீழே நம் வீட்டு முற்றம். மேஜை விரித்து, சூப்புச் சட்டி வந்து, எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் கையை ஆட்டிக் குதித்தோம். அவர்களும் ஆட்டினார்கள். நோர்மா வாயில் கையைக் குவித்து, “பல்மீரா தூங்குறா! எழுப்பினா நாளைக்கும் தொறக்க மாட்டா!” என்று கத்திவிட்டு, உட்கார்ந்து எனக்குப் போட வேண்டியதை மாப்பிள்ளைக்குப் போட்டாள். துச்சியோ எங்கிருந்தோ ஒரு ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். பாதி மதில்கூட எட்டவில்லை.

“எங்க ஊரா இருந்தா ஏணி எட்டியிருக்கும்” என்றார் எவரிஸ்தோ.

“அப்ப உங்க மதிலு குட்டைன்னு சொல்லுங்க” என்றேன்.

 அவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். கோழிக்கூட்டு அவமானம், கோவில் இருட்டு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தை ஈடு. நான் மட்டும் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்த வேகத்தில், மதில் பிளவில் முளைத்திருக்கிற அத்திமரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று காலை வைத்தேன். அத்திமரம் அந்த யோசனைக்கு உடன்படவில்லை. ஒரு கிளை முறிந்தது, என் முழங்கால் கல்லில் மோதியது, நான் சட்டை கிழியத் தொங்கினேன். எவரிஸ்தோ குப்புறப் படுத்து, என் இடுப்பு வாரைப் பிடித்து, கன்றுக்குட்டியைக் கிணற்றிலிருந்து தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கிப் போட்டார். “யோவ், பொண்ணு கல்யாணத்துல எல்லாரையும் துக்கக் கறுப்பு உடுத்த வைக்கணும்னு ஆசையா?” என்று திட்டினார். மூச்சு வாங்கியது அவருக்கு. எனக்கும்தான். 

அதற்குள் துச்சியோ கயிற்று நுனியில் ஒரு உருளைக்கிழங்கைக் கட்டி மேலே எறிந்து எறிந்து, கடைசியில் அது எவரிஸ்தோவின் தொப்பியில் வந்து விழுந்தது. கயிற்றை இழுத்தோம், கூடை வந்தது. சூப்பு வழியிலேயே சிந்திவிட்டது, அதில் போட்ட மாவு உருண்டைகள் மட்டும் தட்டில் வழுக்கிக்கொண்டு கிடந்தன. வறுத்த ஆட்டிறைச்சி முழுசாக வந்தது, ஒயின் பத்திரமாக வந்தது, முள்கரண்டி ஒன்றே ஒன்று வந்தது. அக்கா, காஸ்தெல்கூஃபோக்காரனோடு ஒரே முள்கரண்டியில் மாற்றி மாற்றிச் சாப்பிடுவேன் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் அவனை அடித்திருப்பேன். சாப்பிட்டேன். பசி அப்படி.

ஒயின் உள்ளே போனதும் எவரிஸ்தோ கொஞ்சம் இளகினார். காலை நீட்டி, முதுகைக் கல்லில் சாய்த்து, தூரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெருமூச்சு விட்டு, “நல்லா இருக்கு” என்றார்.

சொன்னார், அக்கா. என் காதால் கேட்டேன். நான் மதில் கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம்தான் அவர் எதைப் பார்க்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எதிர்மலையில் அவருடைய ஊர், மதிலும் கோபுரமுமாக, வெயிலில் பளிச்சென்று நின்றது. அவர் அதை வெளியிலிருந்து முழுசாகப் பார்த்தது அன்றுதானாம். அதனால் என்ன? சொன்னது ரொக்காமெர்லா மதில் மேல் உட்கார்ந்து. எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார் என்பது தேவையில்லாத விவரம். நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அடுத்து நடந்ததை நீ ஊரில் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. எவரிஸ்தோ என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “சம்பந்தி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சங்கிலிய தந்துடறேன்” என்றார்.

“என்னது?”

“உங்க சங்கிலி. எங்க நகரமன்றத்துல நான் பேசினா எல்லாரும் தலையாட்டுவாங்க. திருநாளுக்கு மேளதாளத்தோட நானே தூக்கிக்கிட்டு வந்து உங்க வாசல்ல மாட்டறேன். பதிலுக்குப் பிள்ளைங்க எங்க ஊருல குடியிருக்கட்டும். எனக்கும் ஒரே பையன்தான்யா. மேல்மாடிக்கு வெள்ளையடிச்சது நானே, பெயிண்டர் கிடையாது. ஏணி மேல நின்னு நானே அடிச்சேன்.”

எத்தனை தலைமுறை கேட்ட சங்கிலி அது! நானே எத்தனை கடிதம் எழுதியிருக்கிறேன், ‘எங்கள் முன்னோரின் மானம்’ என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறேன். சரி என்று சொல்லியிருந்தால் என் பெயரில் ஒரு தெருவே வைத்திருப்பார்கள்.  கீழே கோஸ்தான்சா மேஜையில் ரொட்டியைப் பிய்த்துச் சட்டியில் ஒட்டியிருந்த குழம்பைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான், அம்மா திட்டினாலும் விட மாட்டாள்.

“சங்கிலி உங்ககிட்டயே இருக்கட்டும். துருப்பிடிச்ச இரும்பு. பொண்ணு மட்டும் இங்கதான்” என்றேன்.

முன்னோர்கள் என்னை மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் போகட்டும், அவர்களுக்கும் பெண் பிள்ளைகள் இருந்திருக்குமே.

எவரிஸ்தோ கோபித்துக்கொள்ளவில்லை. முள்கரண்டியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார். சரியாக அந்த நேரம் கீழே ஏதோ நடந்தது. கோஸ்தான்சா எழுந்து நின்று ஏதோ சொன்னாள். பேச்சு எங்களுக்குக் கேட்கவில்லை, காற்று அந்தப் பக்கம் அடித்தது. நோர்மா இரண்டு கன்னத்திலும் கையை வைத்துக்கொண்டாள். யோலாந்தா அழுதாள். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். துச்சியோ நுரைக்கிற ஒயினைத் திறந்து ஊற்றினான். கோஸ்தான்சா கையைத் தூக்கி மேலே காட்டினாள், நாலு பேரும் மேலே பார்த்துச் சிரித்தார்கள், எங்களைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார்கள்.

“நோர்மா சிரிக்கிறா பாருங்க. இங்கதான்னு முடிவாயிடுச்சு” என்றேன்.

“யோலாந்தா அழறா பாருங்க. அவ சந்தோஷம் வந்தாத்தான் அழுவா. எங்க ஊருதான்” என்றார்.

“என் பொண்ணு மேல கை காட்டினா. மேல்னா மேல்மாடி. எங்க வீட்டு மேல்மாடி!”

அவர் மிச்சமிருந்த ஒயினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பல்மீரா சாயங்காலம்தான் வந்து கதவைத் திறந்தாள். இறங்கி வந்தபோது நான் நொண்டிக்கொண்டு வந்தேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார், யாரை யார் தாங்கினோம் என்று தெரியவில்லை. கார்க்கண்ணாடிகளைக் கழற்றி, வாசல் கல்லில் ஆலிவ் எண்ணெய் தடவி, கறிக்கடைக்காரரும் நம் ஊர் வாலிபர்களும் காரைப் பின்னால் தள்ளி வெளியே எடுத்தார்கள். நல்ல எண்ணெயாம், நோர்மா இன்னும் புலம்புகிறாள். போகும்போது கோஸ்தான்சா இரண்டு அப்பாக்களுக்கும் ஆளுக்கொரு முத்தம் கொடுத்தாள். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. ஜெயித்தவன் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆகவே அக்கா, இனி யோசனை வேண்டாம், சாக்குப்போக்கு வேண்டாம், ‘பார்க்கலாம்’ வேண்டவே வேண்டாம். சாவி வந்ததும் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் பண்ணி, நானே ஏணி மேல் நின்று வெள்ளையடிக்கப் போகிறேன். எவரிஸ்தோவால் முடியுமென்றால் என்னாலும் முடியும், முழங்கால் ஆறட்டும். அத்தானுக்கு என் தாழ்மையான வணக்கம். உன் தலைமுடி உதிர்வது நிற்க மாதாவிடம் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறேன். உன் வீட்டில் ரொட்டி தீராமலும் கடற்காற்று நிற்காமலும் இருக்க நம் புனிதர் அருள்புரிவாராக. கல்யாணத்துக்கு வரும்போது மதிலுக்கு வெளியிலேயே காரை நிறுத்தவும்.

என்றும் உன் பிடிவாதக்காரத் தம்பி,
ஒத்தோரினோ

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போட்டு எச்சில் தொட்டு ஒட்டி, தபால் நிலையத்துக்குக் கொண்டுபோகும் வழியில் பல்மீராவைப் பார்த்தேன். இரண்டு வார்த்தை சூடாகக் கேட்டேன். “என்மேல ஏன் பாயற? உன் பொண்ணுதான் ‘அத்தை, அப்பாங்க ரெண்டு பேரையும் கொஞ்ச நேரம் மேலயே வெச்சிருங்க, அம்மாங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்’னு கெஞ்சினா” என்கிறாள் அந்தப் பாதகத்தி! உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். சாவியை அனுப்ப வேண்டாம். சிறுசுகள் இரண்டும் கீழே சமவெளியில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், புதுக் கட்டடம் ஒன்றில் வீடு பிடித்துவிட்டார்கள். அதைத்தான் கோஸ்தான்சா நேற்று அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறாள், நோர்மாவே ஒப்புக்கொண்டாள். அவள் மேலே கையைக் காட்டியது, ‘அவங்களுக்கு இப்ப சொல்லாதீங்க’ என்பதற்காம். விடுவேனா, நொண்டிக்கொண்டே பஸ் ஏறி அந்தப் புது வீட்டுக்குப் போனேன், வாசலிலேயே நின்று கத்தினேன். “இது ஒரு ஊரா? ஒரு மதில் உண்டா? நாலு பக்கமும் தொறந்து கெடக்கு!” என்றேன். “அதுக்குத்தாம்ப்பா இங்க வந்தோம். ரெண்டு மலைக்கும் நடு. நாலு பக்கமும் தொறந்திருந்தா நீங்க எந்தப் பக்கத்துல இருந்து வேணா வரலாமே” என்றாள், என் காப்பியில் பாதியைக் குடித்துக்கொண்டே. எனக்குக் கோபப்படத் தெரியவில்லை, அக்கா. அழுதுவிட்டேன். கொஞ்சம்தான்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: சாவியை அனுப்பு. உடனே, விரைவுத் தபாலில் அனுப்பு. மேல்மாடியில் அப்பாவின் மடக்குக் கட்டில் கிடக்கிறது, அது எனக்கு வேண்டும். அந்தப் புது வீட்டில் சின்னதாக ஒரு அறை இருக்கிறது, பகல் தூக்கத்துக்கு வாகான அறை. முகத்தைக் கழுவிவிட்டுக் கொஞ்சம் சாய்ந்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்தேன். உள்ளே, இருந்த ஒரே கட்டிலில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, எவரிஸ்தோ குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.